லோங்காங் மீன்: ஒன்றை விட்டால் போதும், கூட்டமே வந்துவிடும்

உங்கள் புளோக்கை ஒட்டிய பெரிய வடிகாலை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மழை இல்லாத நாளில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடும். பாசி படிந்த சிமெண்டுத் தரைக்கு மேலே நகம் அளவு மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தும். சிலவற்றின் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி, சிலவற்றுக்கு நீலப் பளபளப்பு.

நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: லோங்காங் மீன்.

லோங்காங் என்றால் மலாயில் வடிகால். பிளாஸ்டிக் கப்போடு அதில் இறங்கி மீன் பிடித்த கதை நம் அப்பா அம்மா தலைமுறையில் பலரிடம் இருக்கும். (இப்போது யாரும் இறங்க வேண்டாம். மேலே எங்கோ மழை பெய்தால் கால்வாயில் நீர்மட்டம் சில நிமிடங்களில் ஏறிவிடும்.)

அந்த மீன்களில் பெரும்பாலானவை கப்பி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பி இல்லை, மீன் கடையில் பையில் கட்டித் தரும் கப்பி.

இந்த மீனைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்று: "வீட்டுல மீன் ரொம்ப ஆயிடுச்சு, கால்வாயில விட்டுடலாம். பாவம், எங்கயாவது பொழச்சுக்கும்." இன்னொன்று: "அது கொசுப்புழுவைத் தின்னும்ல, டெங்கிக்கு நல்லதுதானே?"

முதல் பேச்சு உண்மை. அது பிழைத்துக்கொள்ளும், பிரச்சினையே அதுதான். இரண்டாவது பேச்சு பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று புரிய, இந்த மீன் எப்படிக் குட்டி போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

கப்பியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் வடகிழக்கு: வெனிசுவேலா, கயானா, அதற்குப் பக்கத்தில் இருக்கும் டிரினிடாட் தீவு. 1859ஆம் ஆண்டு ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெம் பீட்டர்ஸ், வெனிசுவேலாவிலிருந்து வந்த மீன்களை வைத்து அதற்குப் பொசிலியா ரெட்டிகுலாட்டா என்று பெயரிட்டார். பொசிலியா என்பதுதான் பேரினத்தின் பெயர். 'பல நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அப்படியென்றால் 'கப்பி' எங்கிருந்து வந்தது? அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். டிரினிடாட்டில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இந்த மீனை லண்டனுக்கு அனுப்பினார். 1866இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் குந்தர், இது புதிய மீன் என்று நினைத்து அவர் பெயரையே வைத்துவிட்டார். ஏற்கெனவே பீட்டர்ஸ் பெயர் வைத்த மீன்தான் என்று பிறகு தெரிந்ததும் அந்த அறிவியல் பெயர் போய்விட்டது. ஆனால் மக்கள் வாயில் 'கப்பி' ஒட்டிக்கொண்டது. மலாயில்கூட 'இக்கான் காப்பி' என்பார்கள். நாம் குடிக்கும் காப்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

மீன் கடையில் கப்பிக்குப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும் மோலி மீனும் இதே பொசிலியா பேரினம்தான். கடையில் இரண்டையும் 'லைவ்பேரர்' என்று ஒரே வரிசையில் வைப்பார்கள், அதாவது குட்டி போடும் மீன்கள்.

மீன் குட்டி போடுமா?

பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விடும், ஆண் மீன் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். கருவுறுதல் உடம்புக்கு வெளியே நடக்கும். முட்டைகளில் பல மற்ற மீன்கள் வாய்க்கே போய்விடும்.

கப்பி வேறு வழியில் போகிறது. ஆண் கப்பியின் அடிவயிற்றுத் துடுப்பு ஒன்று குழல்போல் நீண்டு, விந்தைப் பெண் மீனின் உடம்புக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியிருக்கிறது. கருவுறுதல் உள்ளேயே நடக்கும். முட்டையும் உள்ளேயே இருக்கும். அதில் இருக்கும் மஞ்சள்கருவைச் சாப்பிட்டுக் குட்டி வளர்ந்து, பிறக்கும்போதே கண் திறந்து, நீந்தத் தெரிந்து, வாய்க்கு எட்டியதைத் தின்னும் நிலையில் வெளியே வருகிறது. எல்லாம் சேர்த்து மூன்று நான்கு வாரம்தான்.

வீட்டில் கப்பி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பெண் மீனின் வயிற்றுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். அது பெரிதாகி, வயிறு சதுரமாகத் தெரிய ஆரம்பித்தால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவைக்கு இருபது, முப்பது குட்டிகள் சாதாரணம். பெரிய பெண் மீன் அதற்கு மேலும் போடும்.

இத்தனை சிரமப்பட்டுச் சுமந்த தாய், பிறந்த குட்டிகளைக் கவனிக்குமா? கவனிக்காது. பசித்தால் தின்றே விடும். அதனால்தான் தொட்டியில் செடி வைக்கச் சொல்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த குட்டிகள்தான் தப்பும்.

இதுவரை படித்தது பள்ளிப் பாடம் மாதிரி இருக்கலாம். இனிமேல் வருவதுதான் முக்கியம்.

பெண் கப்பி, ஒரு முறை கிடைத்த விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். ஆண் மீனே இல்லாத தண்ணீரிலும் அந்தச் சேமிப்பை வைத்து அடுத்த ஈடு, அதற்கடுத்த ஈடு என்று குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். டிரினிடாட் ஓடைகளில் ஆய்வு செய்தவர்கள், ஆண் மீன் செத்துப் பல மாதம் கழித்தும் அதன் குட்டிகள் பிறப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெண் மீன் பல ஆண்களோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈட்டில் பிறக்கும் குட்டிகளுக்குப் பல தந்தைகள் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதாவது கர்ப்பமான ஒரு பெண் கப்பி வெறும் ஒரு மீன் அல்ல. அதன் உள்ளே ஒரு கிராமமே இருக்கிறது என்று சொல்லலாம்.

ஒன்றே போதுமா? சோதித்தும் பார்த்துவிட்டார்கள்

2011ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது: ஒரே ஒரு பெண் கப்பியைத் தனியாகத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகமும் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து டிரினிடாட்டில் நடத்தியது. தொட்டிக்கு ஒரு கர்ப்பிணி மீன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படித் தொடங்கிய கூட்டங்களில் 86 விழுக்காடு உயிரோடு இருந்தன.

பொதுவாக ஒரு விலங்கு புதிய இடத்தில் வேரூன்ற வேண்டுமானால் பல ஜோடிகள் வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பலவீனம் வரும் என்பார்கள். கப்பிக்கு அந்தத் தடை பெரிதாக இல்லை. அதன் தாயகத்துக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது இன்று காட்டுநிலையில் வாழ்கிறது என்று அதே ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். அதில் பல இடங்களுக்கு மீன் தொட்டியிலிருந்தோ கொசு ஒழிப்புத் திட்டத்திலிருந்தோதான் போய்ச் சேர்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இது ஆய்வுக் கணக்கு இல்லை, நாம் சும்மா போடுவது. ஒரு தாய், மாதம் 20 குட்டிகள், அதில் பாதி பெண், மூன்று மாதத்தில் அவையும் தாயாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததில் பத்தில் ஒன்பது செத்தாலும், வருடக் கடைசியில் நூற்றுக்கணக்கில் போய்விடும். "ஒண்ணுதானே, விட்டா என்ன" என்ற கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது.

இடத்துக்கு ஏற்ப மாறும் மீன்

கப்பி வெறுமனே பெருகுவது மட்டும் இல்லை. மாறவும் செய்கிறது, அதுவும் நம் கண் முன்னால்.

டிரினிடாட்டின் வடக்கு மலைகளில் ஓடைகள் அருவி அருவியாக இறங்கும். அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. மேலே அவை ஏற முடியாது. கீழே இருக்கும் ஆண் கப்பிகள் மங்கிய நிறத்தில் இருக்கும், மேலே இருப்பவை பளிச்சென்று இருக்கும். பளிச்சென்று இருந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும், ஆனால் எதிரி கண்ணிலும் படும். இரண்டுக்கும் நடுவே ஒரு பேரம்!

ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1976இல், எதிரிகள் நிறைந்த இடத்திலிருந்து மங்கிய கப்பிகளை எடுத்து, பெரிய எதிரி இல்லாத மேல் ஓடையில் விட்டார். இரண்டே வருடத்தில் அவற்றின் சந்ததி கூடுதல் புள்ளிகளோடு வண்ணமாக மாறியிருந்தது. டேவிட் ரெஸ்னிக் குழுவினர் இதே போன்ற மாற்றத்தைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1990இல் வெளியிட்டார்கள். எதிரி குறைந்த இடத்தில் கப்பிகள் தாமதமாகப் பருவம் அடைந்தன, குறைவாகவும் பெரிதாகவும் குட்டி போட்டன. பரிணாமம் என்றால் கோடிக்கணக்கான வருடம் என்று படித்த நமக்கு இது ஆச்சரியம்தான்.

இதே பேரினத்தில் இன்னும் விசித்திரமான சொந்தக்காரர் ஒருவர் உண்டு. அமேசான் மோலி. பெயரில் அமேசான் இருந்தாலும் அந்த ஆற்றில் கிடையாது. மெக்சிகோ, டெக்சஸ் எல்லைப் பகுதியில் வாழ்கிறது. கிரேக்கக் கதைகளில் வரும் பெண் வீராங்கனைகளின் பெயர் அது, ஏனென்றால் இந்த மீனில் எல்லாமே பெண். பக்கத்து மோலி இனத்து ஆணின் விந்து, முட்டையைத் தூண்டிவிட மட்டும் தேவை. பிறக்கும் குட்டி தாயின் நகல். 1932இல் இது தெரியவந்தபோது, முதுகெலும்புள்ள உயிர்களில் இப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

சரி, கொசு விஷயத்துக்கு வருவோம்.

டெங்கிக்கு நல்லதுதானே?

கப்பி கொசுப்புழுவைத் தின்னும். இதில் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் மேற்பரப்பில் மேய்கிற வாய் அதற்கு.

அதைப் பயன்படுத்தி வெற்றி கண்ட இடங்களும் உண்டு. கம்போடியாவின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பெரிய ஜாடிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் தண்ணீர் சேமித்து வைப்பார்கள். அந்தத் தொட்டிகளில் கப்பியை விட்டுச் சோதித்ததில் ஏடிஸ் புழுக்கள் 79 விழுக்காடு குறைந்ததாக 2008இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டிலும் கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விடும் வழக்கம் இருக்கிறது.

இரண்டிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மீன் இருக்கும் தண்ணீரும் கொசு முட்டையிடும் தண்ணீரும் ஒன்று.

நம் ஊரில் அப்படியா? டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடாத, ஓரளவு சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். ஜாடி தேவையில்லை, கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும். பூச்சாடித் தட்டு, கழிவறையில் வாளி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்த பூ வைக்கும் குவளை, துணி காயப்போடும் மூங்கில் கம்பு செருகும் குழாய், மழைநீர்க் கூரைத் தகரம். இந்த இடங்களில் எந்தக் கப்பி போய் நீந்தும்?

டெங்கி பரவும் வட்டாரங்களில் கொசு பெருகும் இடங்கள் வீடுகளுக்குள்தான் அதிகம் அகப்படுகின்றன என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடர்ந்து சொல்லி வருகிறது. தேங்கி நிற்கும் வடிகாலிலும் ஏடிஸ் முட்டையிடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கப்பி நீந்துவது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் கால்வாயில். அங்கே கொசுவே சரியாக வளராது. அழுக்குத் தண்ணீரில் அதிகம் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு. இரவில் காதோரம் ரீங்காரமிடும், டெங்கியைப் பரப்பாது.

இன்னொன்றும் உண்டு. ஏடிஸ் முட்டை தண்ணீர் இல்லாமல் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் ஏழு நாளில் கொசு பறந்துவிடும். மீன் காய்ந்த வாளியில் காத்திருக்க முடியாது.

2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது, இதுவரை இல்லாத எண்ணிக்கை. அந்த வருடமும் நம் கால்வாய்களில் கப்பிகள் இருக்கத்தான் செய்தன. இங்கே அதிகாரிகள் நம்புவது வேறு வழிகளை. வொல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ் கொசுக்களை 2016 முதல் வெளியே விட்டு வருகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது, அதனால் பயம் வேண்டாம்.

2016இல் உயிரியல் ஆய்வாளர் குழு ஒன்று கொசு ஒழிப்புக்குக் கப்பியைப் பயன்படுத்துவதைப் பற்றிக் கட்டுரை எழுதியது. திறந்த நீர்நிலைகளில் அது பலன் தருகிறது என்பதற்கு வலுவான சான்று குறைவு, சூழலுக்கு ஆபத்து அதிகம் என்பதே அவர்கள் வாதம். மூடிய ஜாடியில் விடுவதும் ஆற்றில் விடுவதும் ஒன்றல்ல.

சின்ன மீன்தானே, என்ன செய்துவிடும்?

தாராளமாகச் செய்யும். கப்பி கொசுப்புழுவை மட்டும் தேடித் தின்னும் மீன் அல்ல. பாசி, நீர்ப்பூச்சி, மற்ற மீன்களின் முட்டை, அப்போதுதான் பொரித்த குஞ்சு, கிடைத்ததெல்லாம் உணவு. கூட்டம் பெருகும்போது அங்கே ஏற்கெனவே இருந்தவற்றுக்கு மிச்சம் இருக்காது. தொட்டியில் இருந்த ஒட்டுண்ணிகளும் நோய்களும் கூடவே போகும்.

கப்பியின் குடும்பத்தைச் சேர்ந்த கம்பூசியா என்ற மீன் இதற்கு நல்ல பாடம். 'கொசு மீன்' என்றே பெயர் சூட்டி உலகம் முழுக்க விட்டார்கள். இன்று அது, உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது.

நம் கான்கிரீட் வடிகாலில் சேதப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பூர்வீக மீன் குறைவுதான். ஆனால் வடிகால் கால்வாயில் சேரும், கால்வாய் நீர்த்தேக்கத்தில் சேரும். கப்பியும் மோலியும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும், அதனால் கழிமுகம்கூட அவற்றுக்குத் தடை இல்லை. நீ சூன் சதுப்புநிலக் காடு போன்ற சில இடங்களில்தான் நம் சொந்த நன்னீர் மீன்கள் இன்னும் மிஞ்சி இருக்கின்றன. அந்த அமிலத் தண்ணீர் கப்பிக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது நம் அதிர்ஷ்டம். தொட்டியிலிருந்து விடப்படும் எல்லா மீனுக்கும் அப்படி இருக்காது.

அதனால்தான் ஒவ்வொரு விசாக தினத்தை ஒட்டியும் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் 'ஆப்பரேஷன் நோ ரிலீஸ்' என்று சுற்றி வருகின்றன. புண்ணியம் என்று நினைத்து மீனையும் ஆமையையும் நீர்த்தேக்கத்தில் விடுபவர்கள் உண்டு. அப்படி விடுவது குற்றம், அபராதம் விதிக்கப்படலாம்.

வீட்டில் கப்பி நிறைந்துவிட்டதா? ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஆனால் பிரித்த அடுத்த மாதமும் குட்டி வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், அந்தச் சேமிப்பு விஷயம் நினைவிருக்கிறதல்லவா? புதிதாக வாங்குபவர்கள் ஆண் மீன்களை மட்டும் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. வண்ணமும் அவற்றிடம்தான் அதிகம். மிஞ்சியதை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். கழிவறையில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம், அது மீனுக்குக் கொடுமை.

நானும் எட்டு வயதில் ஒரு பை நிறைய கப்பியைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, "போ, ஜாலியா இரு" என்று கையசைத்தவள்தான். அம்மாவுக்குத் தொட்டி கழுவும் வேலை மிச்சம். எனக்குப் பெரிய நல்ல காரியம் செய்த நினைப்பு.

குட்டி போடும் மீன் பார்க்க ஆசை என்றால், நமக்கே சொந்தமாக ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடை மட்டும் ஊசிபோல் நீண்ட குட்டி ஹாஃப்பீக் மீன், சிங்கப்பூர், மலேசிய ஓடைகளில் நீர்ப்பரப்பை ஒட்டி நீந்தும். அதுவும் குட்டிதான் போடும், யாரும் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரவில்லை.

கொசுப்புழு தின்னவும் உள்ளூர் ஆள் உண்டு. மலாயில் 'இக்கான் கெப்பாலா தீமா', அதாவது வெள்ளீயத் தலை மீன். கப்பி அளவைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பில் அவ்வளவு நிறம் இல்லை. மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும். அடுத்த முறை பாலத்திலிருந்து கால்வாயைப் பார்க்கும்போது, ஆரஞ்சு வால்களுக்கு நடுவே அந்த வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள்.